டெய்லர் ஹாலைக் கொடுத்து ஆடம் லார்சனை வாங்கியது தவறா?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், 2016 ஜூன் 29 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி முன்கள வீரர் டெய்லர் ஹாலை நியூ ஜெர்சி டெவில்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆடம் லார்சன் என்ற ஒரே ஒரு டிஃபன்ஸ்மேனை (தற்காப்பு வீரரை) வாங்கியது. இரண்டே ஆண்டில் ஹால் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கிவிட்டதால் இது வரலாற்றுத் தவறு என்கிறார் உங்கள் நண்பர். இந்த ட்ரேட் (வீரர் பரிமாற்றம்) முடிந்த அடுத்த சீசனிலேயே எட்மன்டன் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு, போனதே, ஹாலும் அப்புறம் அணி அணியாக மாறிக்கொண்டுதானே இருந்தார், அப்படியென்றால் அது எப்படித் தவறாகும் என்கிறீர்கள் நீங்கள். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி. ஆனால் உங்கள் நண்பரும் சரி, நீங்களும் சரி, பிறகு நடந்ததை வைத்துத்தான் வாதாடுகிறீர்கள். ஒருவர் 2018-ஐக் காட்டுகிறார், இன்னொருவர் 2017-ஐக் காட்டுகிறார். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அன்றைக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த வீரரை அந்த விலைக்குக் கொடுத்திருக்கலாமா? அதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன்.

நான் புள்ளியியல் படித்தவன். பல ஆண்டுகளாக ஐஸ் ஹாக்கி ஆட்டங்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுத்து, ஜூனியர் அணி ஒன்றுக்கு வீரர் மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதி வந்திருக்கிறேன். என்ஹெச்எல் அணி எதன் அலுவலகத்துக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. ஆகவே ஆட்டத்தைப் பற்றியும் எண்களைப் பற்றியும் நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். மூடிய கதவுக்குள் என்ன பேசினார்கள் என்று நான் ஊகிக்கிற இடங்களில் அதை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அன்றைய நிலவரம். எட்மன்டன் 2006-ல் இறுதிப் போட்டி வரை போய்க் கரோலினாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்ற பிறகு, பத்து சீசன்களாகப் பிளேஆஃபையே பார்க்கவில்லை. 2010, 2011, 2012, 2015 என்று நான்கு முறை டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் இடம் கிடைத்தும் நிலைமை மாறவில்லை. அந்த வரிசையில் முதல் ஆள் ஹால், கடைசி ஆள் கானர் மெக்டேவிட். 2015-16 சீசனில் முப்பது அணிகளில் இருபத்தொன்பதாவது இடம். தற்காப்பு படுமோசம், குறிப்பாக வலது பக்கம் ஆடும் நல்ல டிஃபன்ஸ்மேன் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் புதிய மைதானம் திறக்கப் போகிறது. பாஸ்டனில் 2011-ல் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியைக் கட்டியவர் என்ற பெயரோடு 2015-ல் எட்மன்டனுக்கு வந்திருந்த ஜெனரல் மேனேஜர் பீட்டர் ஷரெல்லி மீது ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. நியூ ஜெர்சிக்கு நேர்மாறான பிரச்சினை. அங்கே தற்காப்பு பரவாயில்லை, கோல் அடிக்கத்தான் ஆள் இல்லை.

கை மாறிய இருவரையும் பார்ப்போம். ஹாலுக்கு அப்போது வயது 24. 2013-14 சீசனில் 75 ஆட்டங்களில் 80 பாயின்ட் (வீரருக்குப் பாயின்ட் என்பது அவர் அடித்த கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்தது). அதற்கு அடுத்த ஆண்டு காயத்தால் 53 ஆட்டம்தான் ஆடினார். ட்ரேடுக்கு முந்தைய சீசனில் 82 ஆட்டமும் ஆடி 65 பாயின்ட். ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் கணக்கில் இன்னும் நான்கு ஆண்டு ஒப்பந்தம் பாக்கி இருந்தது. லார்சனுக்கு வயது 23. 2011 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்டவர், வலது கை ஆட்டக்காரர். முந்தைய சீசனில் 82 ஆட்டத்தில் 18 பாயின்ட், ஆனால் சராசரியாக ஆட்டத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல், அதுவும் எதிரணியின் நல்ல முன்கள வரிசைகளுக்கு எதிராக. ஆண்டுக்குச் சுமார் 42 லட்சம் டாலரில் ஐந்து ஆண்டு பாக்கி. அந்த ஆண்டு லீக்கின் சம்பள உச்சவரம்பு 7 கோடியே 30 லட்சம் டாலர். என்ஹெச்எல்லில் இந்த வரம்பைப் பொதுவாகத் தாண்ட முடியாது என்பதால், ஒரு வீரரின் மதிப்பு என்பது அவர் திறமையும் அவர் சம்பளமும் சேர்ந்தது. ட்ரேட் பற்றிப் பேசும்போது பலர் விடுகிற முதல் விஷயம் இதுதான்.

பாயின்ட் கணக்கை மட்டும் வைத்து 65-க்கு 18 என்று லார்சனை ஏளனமாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அவர் ஆட்டத்தை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) மூலைக்கு அடித்துவிட்டு இரண்டு பேர் விரட்டி வருகிறார்கள். லார்சன் திரும்பி ஓடும்போதே தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்துவிடுவார். பக்கை அடைந்ததும் உடம்பைக் குறுக்கே வைத்து முதல் ஆளை நிறுத்துவார். இரண்டாவது ஆள் எட்டுவதற்குள் பலகையோரமாக ஒரு சின்னத் தட்டு. பக் தன் அணியின் விங்கரிடம் (ஓரத்தில் ஆடும் முன்கள வீரரிடம்) போய்விடும். புள்ளிவிவரத்தில் இதற்கு ஒரு கோடுகூட விழாது. இப்படி ஒரு ஆட்டத்தில் பத்துப் பதினைந்து முறை நடக்கும். இதைச் செய்யத் தெரியாத டிஃபன்ஸ்மேன்கள் நிறைந்த அணியாகத்தான் எட்மன்டன் இருந்தது.

ஹாலின் வேலை பார்த்தவுடன் தெரியும். தன் பக்கத்தில் பக் கிடைத்ததும் இரண்டே தள்ளலில் முழு வேகம் எடுத்து, எதிரணியின் ப்ளூ லைனை, அதாவது அவர்கள் பகுதி தொடங்கும் கோட்டை, பக்கை மட்டையில் வைத்தபடியே கடப்பார். பெரும்பாலான விங்கர்கள் அந்தக் கோட்டருகே வந்ததும் பக்கை மூலைக்கு அடித்துவிட்டு விரட்டப் போவார்கள். பக்கோடு உள்ளே நுழைந்தால் கிடைக்கும் ஷாட்கள், அடித்துவிட்டு விரட்டினால் கிடைப்பதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு என்பதை இந்தத் துறையில் பலரும் எண்ணிப் பார்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில், அதாவது தண்டனையால் எந்த அணிக்கும் ஆள் குறையாத நேரத்தில், ஆடிய நிமிடத்துக்கு இத்தனை பாயின்ட் என்ற கணக்கில் ஹால் பல ஆண்டுகளாக லீக்கின் முன்வரிசையில் இருந்தார். இதெல்லாம் 2016 ஜூனில் எல்லோருக்கும் தெரிந்த தகவல். ஹார்ட் கோப்பை வந்த பிறகு கண்டுபிடித்தது எதுவும் இல்லை.

இப்போது விலைக்கு வருகிறேன், ஏனென்றால் என் முடிவு இங்கேதான் நிற்கிறது. ஒரு ட்ரேடின் விலை நியாயமா என்று பார்க்க, அதே காலத்தில் அதே மாதிரியான சரக்கு என்ன விலைக்குக் கை மாறியது என்று பார்க்கவேண்டும். நமக்கு அதிர்ஷ்டவசமாக இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. ஒரு வருடத்துக்கு முன்னால், 2015 ஜூனில், பாஸ்டன் அணி டக்கி ஹாமில்டனைக் கல்கரிக்குக் கொடுத்தது. ஹாமில்டன் 22 வயது, வலது கை டிஃபன்ஸ்மேன், அந்த சீசனில் 72 ஆட்டத்தில் 42 பாயின்ட். கல்கரி கொடுத்த விலை மூன்று டிராஃப்ட் இடங்கள்: பதினைந்தாவது இடமும் இரண்டாம் சுற்றில் இரண்டு இடங்களும். அப்புறம் 2016 ஜனவரியில் கொலம்பஸ் தன் முதல் வரிசையின் நடு முன்கள வீரர் ரயன் ஜோஹான்சனைக் கொடுத்து, நாஷ்வில்லிடமிருந்து 21 வயது வலது கை டிஃபன்ஸ்மேன் சேத் ஜோன்ஸை வாங்கியது. அதுவும் ஆளுக்கு ஆள்.

ஹாமில்டன் விலையை அளவாக வைத்தால், ஹாலைக் கொடுத்து லார்சனை மட்டும் வாங்கியது மிகப் பெரிய நஷ்டம். ஜோன்ஸ் விலையை அளவாக வைத்தால் அவ்வளவு மோசமாகத் தெரியாது, வலது கை டிஃபன்ஸ்மேனுக்கு நல்ல முன்கள வீரரைத்தான் கொடுக்கவேண்டும் என்று வாதாடலாம். ஆனால் அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜோன்ஸ் இரண்டு பக்கமும் ஆடக்கூடியவர், லார்சனைவிட உயர்ந்த எதிர்பார்ப்பு உள்ளவர். என் கணக்கில் ஹால் ஜோஹான்சனைவிட மேல், லார்சன் ஜோன்ஸைவிடக் கீழ். இரண்டு முனையிலும் எட்மன்டனுக்குக் குறைவு. கூடவே ஒரு டிராஃப்ட் இடமோ வளரும் வீரரோ வாங்கியிருந்தால் இன்று இதைப் பற்றி இவ்வளவு பேச்சே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஹாமில்டன் விற்பனையே பாஸ்டன் ஏமாந்த விற்பனை என்று பலர் சொல்வது உண்மைதான், ஆகவே அந்த ஒரு விலையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன்.

கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு நிலத்தை விற்கப் போகிறவருக்கு நல்ல விலை கிடைக்காது. எட்மன்டனுக்குத் தற்காப்பு வேண்டும், முன்களத்தில் ஆள் மிகுதி, இந்தக் கோடையிலேயே மாற்றம் தேவை என்பதெல்லாம் லீக்கில் எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்தது. நியூ ஜெர்சியின் ஜெனரல் மேனேஜர் ரே ஷெரோ அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசினார் என்பது என் ஊகம். பொறுமையாக இருந்திருக்கவேண்டியவர் ஷரெல்லி.

சரி, உங்கள் வாதத்துக்கு வருகிறேன். 2016-17 சீசனில் எட்மன்டன் லீக் அட்டவணையில் 103 பாயின்ட் எடுத்துப் பிளேஆஃப் போனது, முதல் சுற்றில் சான் ஹோசேயை வென்றது, இரண்டாவது சுற்றில் அனஹைமிடம் ஏழாவது ஆட்டம் வரை போராடித் தோற்றது. அதே சீசனில் ஹால் 72 ஆட்டத்தில் 53 பாயின்ட்தான், நியூ ஜெர்சி கிழக்குப் பிரிவில் கடைசி இடம். அன்று கணக்கை முடித்திருந்தால் எட்மன்டனே ஜெயித்ததாகத் தோன்றும், பலர் அப்படி எழுதவும் செய்தார்கள். ஆனால் எட்மன்டனில் அந்த ஆண்டு மாறியது லார்சன் மட்டுமா? முந்தைய சீசனில் காறை எலும்பு உடைந்து 45 ஆட்டம் மட்டும் ஆடிய மெக்டேவிட், இந்த முறை 82 ஆட்டமும் ஆடி 100 பாயின்ட் எடுத்தார், அந்த ஆண்டின் ஹார்ட் கோப்பை அவருக்குத்தான். கோலி (கோல் காப்பவர்) கேம் டால்பட் 73 ஆட்டங்களில் நின்று 42 வெற்றி பெற்றார், வந்த ஷாட்களில் 91.9 சதவீதத்தைத் தடுத்தார். உலகின் சிறந்த வீரர் முழு சீசனும் ஆடி, கோலியும் களைக்காமல் நின்றால் எந்த அணியும் மேலே ஏறும். லார்சனின் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஏற்றத்தில் அவருடையது மூன்றாவது நான்காவது காரணமாக இருக்கலாம்.

அடுத்த ஆண்டு அப்படியே தலைகீழ். 2017-18-ல் டால்பட்டின் தடுப்பு 90.8 சதவீதத்துக்கு இறங்கியது. மெக்டேவிட் 108 பாயின்ட் எடுத்தும் எட்மன்டன் அட்டவணையில் 78 பாயின்டோடு பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. ஹால் 76 ஆட்டத்தில் 39 கோல், 54 அசிஸ்ட், மொத்தம் 93 பாயின்ட். அவர் அணியில் இரண்டாவதாக இருந்தவர் எடுத்தது 52. நியூ ஜெர்சி 2012-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப் போனது. லார்சன் முந்தைய ஆண்டு ஆடிய அதே மாதிரிதான் ஆடினார். ஆள் மாறவில்லை, ஒப்பந்தம் மாறவில்லை, ஆனால் ட்ரேடின் மீதான தீர்ப்பு மட்டும் ஒரே ஆண்டில் முழுக்கத் திரும்பிவிட்டது. ஐஸ் ஹாக்கியில் கோல்கள் குறைவு, ஒரு சீசனில் கோலியின் ஃபார்மும் ஷாட்டின் அதிர்ஷ்டமும் சேர்ந்து ஒரு அணியை இருபது பாயின்ட் வரை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். இந்த அலைச்சலை ஒரு வீரரின் தலையில் எழுதுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. லார்சன் பெயருக்கு எதிரே உள்ள ப்ளஸ் மைனஸ் எண்ணை (அவர் களத்தில் இருந்தபோது தன் அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தை) காட்டி வாதாடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்த எண்ணில் பின்னால் நிற்கும் கோலியின் பங்கு மிக அதிகம்.

ஹார்ட் கோப்பை பற்றியும் இதையே சொல்லவேண்டும். அந்த ஆண்டு வாக்கெடுப்பில் ஹால் கொலராடோவின் நேதன் மெக்கினனைச் சொற்ப வித்தியாசத்தில்தான் முந்தினார். சில வாக்குகள் மாறி விழுந்திருந்தால் கோப்பை மெக்கினனுக்குப் போயிருக்கும். அப்போது எட்மன்டன் செய்தது குறைந்த தவறாக ஆகியிருக்குமா? உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். ஹால் 93 பாயின்ட் எடுப்பார் என்று 2016-ல் யாராலும் சொல்லியிருக்க முடியாது. 60 முதல் 75 பாயின்ட் வரை எடுப்பார் என்று தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அந்த 65-70 பாயின்ட் ஹாலை வைத்தே விலை குறைவு என்பதுதான் என் வாதம், கோப்பை அதற்குத் தேவையில்லை.

இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த ட்ரேட் புரியாது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 1 அன்று, எட்மன்டன் மிலன் லூச்சிச் என்ற 28 வயது விங்கரை ஏழு ஆண்டுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஆண்டுக்கு 60 லட்சம், ஹாலின் அதே சம்பளம், அதே இடது பக்கம். ஹாலுக்குப் பதில் லார்சன் வந்ததில் சம்பள வரம்பில் 18 லட்சம் மிச்சமானது என்று ஷரெல்லி தரப்பில் சொல்ல ஒரு வாதம் இருந்தது. லூச்சிச் வந்ததும் அதுவும் போயிற்று. வயது ஏறும், வேகத்தைவிட உடல் பலத்தை நம்பி ஆடும் விங்கருக்கு ஏழு ஆண்டு கொடுப்பது ஆபத்து என்று அன்றே பலர் எழுதினார்கள். முதல் ஆண்டு 50 பாயின்ட், அடுத்து 34, அதற்கடுத்து 20. 2019-ல் அவரைக் கல்கரிக்கு அனுப்பினார்கள். மெக்டேவிட் தொடக்க ஒப்பந்தத்தில் மலிவாகக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகள்தான் எட்மன்டனுக்கு ஆள் சேர்க்கப் பணம் இருந்த காலம். 2018-19-லிருந்து அவருக்கு மட்டும் ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம். ஹாலின் 60 லட்சம் ஒப்பந்தம் 2020 வரை கையில் இருந்திருந்தால் அது எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள். மெக்டேவிட்டும் லியோன் டிரைசைட்டலும் ஆளுக்கொரு வரிசையை இழுத்துக்கொண்டு போக, பக்கத்தில் ஆட விங்கர் இல்லாமல் எட்மன்டன் திண்டாடிய ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஆனாலும் லூச்சிச்சின் தவறை லார்சனின் கணக்கில் எழுதக்கூடாது. இவை இரண்டு தனி முடிவுகள். ஒரு மேனேஜரை எடைபோடும்போது இரண்டையும் சேர்க்கலாம், 2015-ல் கிரிஃபின் ரைன்ஹார்ட் என்ற டிஃபன்ஸ்மேனுக்காகக் கொடுத்த டிராஃப்ட் இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் மேத்யூ பர்சலை எடுத்ததையும் சேர்க்கலாம். ஒரு ட்ரேடை எடைபோடும்போது அந்த ட்ரேடை மட்டும் தட்டில் வைக்கவேண்டும்.

பின்னால் நடந்ததை வைத்துத் தீர்ப்பு சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜோ தோர்ன்டன் கதையைவிடப் பொருத்தமானது கிடையாது. 2005 நவம்பர் 30 அன்று பாஸ்டன் தன் கேப்டன் தோர்ன்டனைச் சான் ஹோசேக்குக் கொடுத்து, மார்க்கோ ஸ்டர்ம், பிராட் ஸ்டுவர்ட், வெய்ன் ப்ரிமோ என்று மூவரை வாங்கியது. அதே சீசனில் தோர்ன்டன் இரண்டு அணிக்கும் சேர்த்து 125 பாயின்ட் எடுத்து லீக்கில் முதலிடம், ஹார்ட் கோப்பையும் அவருக்கே. அவரை விற்ற ஜெனரல் மேனேஜர் மைக் ஓ'கானல் அடுத்த மார்ச்சில் வேலையை இழந்தார். ஆனால் 2011-ல் ஸ்டான்லி கோப்பை வென்றது பாஸ்டன். தோர்ன்டன் கடைசி வரை ஸ்டான்லி கோப்பையைத் தூக்கவே இல்லை. ஆகவே பாஸ்டன் செய்தது சரிதான் என்று ஒரு கூட்டம் சொல்கிறது: அவர் போனதால்தான் சம்பள வரம்பில் இடம் கிடைத்தது, அந்த இடத்தில்தான் 2006 ஜூலையில் டிஃபன்ஸ்மேன் ஸ்டேனோ சாராவை எடுத்தார்கள், வாங்கியதில் இருவரைக் கொடுத்து ஆண்ட்ரூ ஃபெரன்ஸை வாங்கினார்கள், ஃபெரன்ஸ் 2011 அணியில் இருந்தார்.

சங்கிலி உண்மைதான். ஆனால் சாராவை எடுத்தபோது ஓ'கானல் அந்த அலுவலகத்திலேயே இல்லை. ஏழு மாதம் கழித்து வேறொருவர் செய்த நல்ல வேலையின் பெருமையை, தோர்ன்டனை மலிவாக விற்றவருக்கு எப்படிக் கொடுப்பது? நல்ல விலைக்கு விற்றிருந்தாலும் அதே இடம் காலியாகியிருக்கும், கையில் இன்னும் நல்ல வீரர்களும் இருந்திருப்பார்கள். ஒரு தவறுக்குப் பிறகும் அணி ஜெயிக்கலாம். அந்த ட்ரேட் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஹால் ட்ரேடைவிடத் தெளிவான தவறு.

எல்லா ட்ரேடையும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஹால் கை மாறிய அதே நாளில், சொல்லப்போனால் அரை மணி நேரத்துக்குள், மான்ட்ரியல் டிஃபன்ஸ்மேன் பி.கே. சூபனைக் கொடுத்து நாஷ்வில்லிடமிருந்து இன்னொரு டிஃபன்ஸ்மேன் ஷே வெபரை வாங்கியது. சூபனுக்கு 27 வயது, வெபருக்கு 30. வெபரின் ஒப்பந்தம் 2026 வரை. எண் பார்க்கும் ஆட்கள் அநேகமாக எல்லோரும் மான்ட்ரியல் ஏமாந்தது என்றார்கள். அடுத்த வருடமே நாஷ்வில் இறுதிப் போட்டிக்குப் போனதும் விவாதம் முடிந்தது என்றார்கள். ஆனால் சூபன் காயங்களால் சீக்கிரமே தளர்ந்தார், 2019-ல் நியூ ஜெர்சிக்குப் போனார், 2022-ல் ஓய்வு பெற்றார். வெபர் கேப்டனாக 2021-ல் மான்ட்ரியலை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார், அதோடு காயங்களால் அவரும் ஆடவே இல்லை. இரண்டு அணியும் ஆளுக்கொரு இறுதிப் போட்டி, இரண்டும் தோல்வி. வயதையும் ஒப்பந்த நீளத்தையும் பார்த்தால் அன்றைக்கு நாஷ்வில் பக்கமே சாதகம் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் தவறு என்ற சொல்லை மான்ட்ரியல் மீது போட என் கை வராது. இருவரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள், ஒரே தரத்தில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட ட்ரேடில் யார் முதலில் காயப்படுவார் என்பதுதான் மீதிக் கதையை எழுதுகிறது.

ஹால் விஷயத்தில் நீங்கள் சொன்ன இன்னொரு வாதமும் பாக்கி இருக்கிறது, அவர் எங்கும் நிலைக்கவில்லை என்பது. 2018-19-ல் முழங்கால் காயத்தால் 33 ஆட்டம்தான். 2019 டிசம்பரில் அரிஸோனா, பிறகு பஃபலோ, பாஸ்டன், சிகாகோ, 2025-ல் கரோலினா. 2018-ல் இருந்த ஹால் திரும்ப வரவில்லை என்பது உண்மை. ஆனால் எட்மன்டன் விற்றது 24 வயதிலிருந்து 28 வயது வரை ஆடப்போகும் நான்கு சீசனை. அதற்குப் பிறகு 30 வயதில் எங்கே ஆடினார் என்பது அந்தக் கணக்கில் வராது. நியூ ஜெர்சியைப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை அரிஸோனாவுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்று இடமும் வளரும் வீரர்களும் வாங்கியது. அந்த இடத்தில் எடுத்தவர்தான் டாசன் மெர்சர். லார்சனோ 2021-ல் சியாட்டில் அணிக்குப் போனார், எட்மன்டனுக்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அது லார்சனின் குறை ஆகாது. அவர் எட்மன்டனில் ஐந்து ஆண்டு நேர்மையாக உழைத்தார், சியாட்டிலிலும் தினம் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடும் நம்பகமான டிஃபன்ஸ்மேனாகவே இருந்து வந்திருக்கிறார். இந்த ட்ரேடைப் பற்றி எரிச்சலில் எழுதுகிறவர்கள் நல்ல ஒரு வீரரைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டார்கள், அது நியாயமே இல்லை.

ஆக, எதை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று பிரித்துவிடுகிறேன். எட்மன்டனுக்கு வலது கை டிஃபன்ஸ்மேன் தேவை என்பது சரியான கணிப்பு, அதில் தவறே இல்லை. அதற்காக முன்கள வீரர் ஒருவரைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் ஏற்கத்தக்கது. அந்த ஒருவர் ஹாலாக இருந்ததும், கூடவே எதையும் வாங்காததும் தவறு, அன்றைய தகவலின்படியே தவறு என்று உறுதியாகச் சொல்வேன். வரலாற்றுத் தவறு என்ற அளவுக்கு நான் போகமாட்டேன், ஏனென்றால் அந்த அளவு பெரிதாகத் தெரிவது 2017-18 என்ற ஒரே சீசனால். ஹால் இருந்திருந்தால் எட்மன்டன் கோப்பை வென்றிருக்கும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. அவர் இருந்த ஆறு சீசனிலும் அந்த அணி பிளேஆஃப் போகவில்லை. அதற்கு அவர்தான் காரணம், உடைமாற்றும் அறையில் அவர் சரியில்லை என்று அப்போது சுற்றிய பேச்சுக்கு நான் எந்த மதிப்பும் கொடுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சில் ஏதோ உண்மை இருந்தால் அது உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் முடிவை மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹாலை எத்தனை அணிகளிடம் பேசிப் பார்த்தார்கள், யார் என்ன தர முன்வந்தார்கள் என்பது வெளியே வந்தால், லார்சன்தான் அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த விலை என்று அதில் தெரிந்தால், ஷரெல்லியின் பேரத்தைக் குறை சொல்வதை நிறுத்திக்கொள்வேன். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும்: அந்த விலைதான் கிடைக்கும் என்றால் ஜூன் மாதத்திலேயே ஏன் விற்கவேண்டும், டிசம்பர் வரை காத்திருந்தால் என்ன? ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டு பாக்கி இருக்கும் 24 வயது வீரரின் விலை ஆறு மாதத்தில் விழுந்துவிடாது. உங்கள் நண்பரோடு அடுத்த முறை பேசும்போது ஹார்ட் கோப்பையையும் 103 பாயின்டையும் இரண்டு பேரும் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.